கேள்வி-பதில்: சும்மா கிடக்கும் இரண்டாவது ஃபைபர்

கேள்வி: எங்கள் கன்டெய்னர் யார்டில் ஒவ்வொரு கட்டட சுவிட்சிலிருந்தும் இரண்டு கோர் (மைய) சுவிட்சுகளுக்கும் தனித்தனி ஃபைபர் போகிறது. ஆனால் ஒன்றில்தான் டிராஃபிக் ஓடுகிறது. கேமரா விலேன் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பிரிவு) சேர்த்ததிலிருந்து அது திணறுகிறது. இன்னொன்றையும் பயன்படுத்த முடியுமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: முடியும். லூப் (டேட்டா முடிவில்லாமல் சுற்றுவது) வராமலிருக்க ஸ்பானிங் ட்ரீ என்ற நெறிமுறை ஒரு ஃபைபரை அடைத்து வைத்திருக்கிறது. அதன் பல மர வடிவமான எம்.எஸ்.டி.பி.யில் விலேன்களை இன்ஸ்டன்ஸ் எனப்படும் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு மரம் (லூப் இல்லாத பாதை) அமைக்கலாம். பிரிக்கும்போது விலேன் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், சுமையைப் பாருங்கள். ஆபீஸ் விலேன் 10, பில்லிங் 20, போன் 40 மூன்றும் இன்ஸ்டன்ஸ் 1. கேமரா 30 மட்டும் இன்ஸ்டன்ஸ் 2. எந்தக் குழுவிலும் சேர்க்காத விலேன்கள் இன்ஸ்டன்ஸ் 0-இல் இருக்கும்.

முதல் கோரில் இன்ஸ்டன்ஸ் 0, 1 இரண்டுக்கும் ப்ரையாரிட்டி 4096, இன்ஸ்டன்ஸ் 2க்கு 8192. இரண்டாவது கோரில் இதைத் தலைகீழாக வையுங்கள். சிறிய எண் உள்ள கோர்தான் அந்த மரத்தின் வேர். மதிப்பு 4096-இன் மடங்காகத்தான் இருக்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது ரீஜன் (ஒரே எம்.எஸ்.டி.பி. அமைப்பைப் பகிரும் சுவிட்சுகளின் கூட்டம்) விஷயத்தில். ரீஜன் பெயர், ரிவிஷன் எண், எந்த விலேன் எந்த இன்ஸ்டன்ஸ் என்ற விலேன் பட்டியல் மூன்றும் எல்லா சுவிட்சிலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். பெயரில் ஒரு எழுத்து பெரியது சிறியதாக மாறினாலும் அந்த சுவிட்ச் தனி ரீஜன்தான். அப்போது எல்லா விலேனும் இன்ஸ்டன்ஸ் 0 சொல்கிற ஒரே ஃபைபரில் போகும். நெட்வொர்க் வேலை செய்துகொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சுவிட்சிலும் ரீஜன் பெயர், ரிவிஷன் எண்ணோடு எம்.எஸ்.டி. டைஜஸ்ட்டையும் (விலேன் பட்டியலின் சுருக்கக் குறியீடு) எடுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

அடுத்தது டிரங்க், அதாவது பல விலேன்களைச் சுமக்கும் இணைப்பு. நான்கு விலேன்களையும் இரண்டு ஃபைபரிலும், கோர்களுக்கு இடையிலும் அனுமதியுங்கள். கேமராவை ஒரு ஃபைபரில் மட்டும் விட்டிருந்தால், எம்.எஸ்.டி.பி. அந்த அனுமதியைப் பார்க்காமலே அதே போர்ட்டை அடைத்துவிடக்கூடும். அப்போது கேமரா மொத்தமும் போய்விடும்.

ரெக்கார்டரை இரண்டாவது கோரில் செருகுங்கள், விலேன் 30-இன் வி.ஆர்.ஆர்.பி. மாஸ்டரும் (அந்த விலேனின் கேட்வேயாகச் செயல்படும் கோர்) அங்கேயே இருக்கட்டும். இல்லையென்றால் கேமரா டிராஃபிக் கோர்களுக்கு நடுவே உள்ள இணைப்பைக் கடந்து மறுபடி அதை நிரப்பும்.

விலேன் பட்டியலை மாற்றும்போதெல்லாம் இணைப்பு சற்று அறுபடும். பின்னால் தேவைப்படக்கூடிய புது விலேன் எண்களை இப்போதே சேர்த்துவிட்டு, வேலையை யார்டு கேட்டில் லாரி வரத்து குறைந்த நேரத்தில் செய்யுங்கள்.

கேள்வி: இரண்டு ஃபைபரையும் எல்.ஏ.சி.பி.யில் (பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டும் முறை) கட்டினால் போதாதா?
- வாசகர், ராயபுரம்

பதில்: இரண்டும் ஒரே சுவிட்சிலோ, ஸ்டாக் செய்த (ஒரே சுவிட்ச் போல இயங்க இணைத்த) சுவிட்சுகளிலோ முடிந்தால் அதுவே மேல். தனித்தனி கோர்களில் முடிந்தால், அவை எம்.லேக் (இரண்டு சுவிட்சுகள் சேர்ந்து ஒரே கட்டை ஏற்கும் வசதி) போன்ற வசதியுடன் இருந்தாலொழிய நடக்காது.