பென் டிரைவில் எல்லாமே ஷார்ட்கட் ஆகிவிடுகிறது. காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கினால் சரியாகுமா?

வண்ணாரப்பேட்டையில் வீடு, பிள்ளைகள் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்து பென் டிரைவைச் சொருகினால் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக நிற்கிறது என்கிறீர்கள். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். மாற வேண்டியது நாம் கம்ப்யூட்டரைப் புழங்கும் விதம்.

முதலில் அந்த டிரைவைப் பார்ப்போம். ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். ஐகானின் ஓரத்தில் வளைந்த அம்பு இருக்கும், சைஸ் 1 அல்லது 2 கேபிதான் காட்டும். அதை டபுள் கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், கூடவே உண்மையான ஃபோல்டரும் திறக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. கிளிக் செய்யாமல், டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டர் ஸ்கேன் கொடுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் போட்டு, ஆப்ஷன்ஸில் 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுங்கள். பல சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரியும், உங்கள் ஃபைல்கள் அதற்குள் இருக்கும். போட்டோ, பிடிஎஃப் மட்டும் காப்பி செய்துகொண்டு டிரைவை ஃபார்மேட் அடியுங்கள். எடுத்த டிக்கை மறக்காமல் திரும்பப் போடுங்கள். கம்ப்யூட்டருக்கும் ஒரு ஃபுல் ஸ்கேன் ஓட வேண்டும். அதில் வைரஸ் தங்கியிருந்தால் அடுத்துச் சொருகும் டிரைவும் கெடும்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹால் டிக்கெட் நேரத்தில் ராயபுரம், தண்டையார்பேட்டைக் கடைகளில் ஒரே கம்ப்யூட்டரில் நாள் முழுக்க யார் யாரோ டிரைவ் சொருகுகிறார்கள். கடைக்கென்றே ஒரு சின்ன டிரைவ் வையுங்கள். அன்றைக்கு வேண்டிய பிடிஎஃப் மட்டும் அதில் போகட்டும், வீட்டுக்கு வந்ததும் ஃபார்மேட். ஆதார் நகல் என்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் போதுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அங்கே வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், கிளம்புமுன் மொபைலில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் லாக் அவுட் செய்யுங்கள்.

அடுத்தது அட்மின் அக்கவுன்ட், அதாவது கம்ப்யூட்டரில் எதையும் மாற்ற அனுமதியுள்ள அக்கவுன்ட். பல வீடுகளில் குடும்பமே ஒரே அட்மின் அக்கவுன்டில்தான் வேலை பார்க்கிறது. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் போய் ஆளுக்கொரு ஸ்டாண்டர்டு யூசர் போடுங்கள், அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகள் எதையாவது தெரியாமல் கிளிக் செய்தாலும், அந்த பாஸ்வேர்டு இல்லாமல் டிஃபெண்டரை நிறுத்துவது வைரஸுக்கு எளிதல்ல. 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று கேட்கும் கிராக் (காசு கொடுக்காமல் ஓட்டுவதற்காக உடைத்த சாஃப்ட்வேர்) எதையும் தொடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கம்ப்யூட்டர் தாங்கினால் 11-க்கு மாறுங்கள்.

ஆனால் ஸ்டாண்டர்டு யூசராக இருந்தாலும் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அவரவர் போட்டோக்களைப் பூட்டிவிடும். அதற்கு பேக்கப்தான் நம்பகமான வழி. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் மாதம் ஒருமுறை காப்பி செய்து, உடனே கழற்றி பீரோவில் வையுங்கள். சொருகியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். கழற்றுமுன் அந்த டிஸ்கிலிருந்தே நாலைந்து போட்டோக்களைத் திறந்து பாருங்கள்.