கண் திறந்தபடியே ஒரு மயக்கம்

திருவட்டாரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “8 வயது மகன் அயினி மரத்திலிருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்து வளைந்துவிட்டது. அவசரப் பிரிவில் நரம்பில் ஊசி போட்டு, கையை இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டார்கள். அப்போது அவன் கண் திறந்தே இருந்தது, கூப்பிட்டும் பார்க்கவில்லை. விழுவதற்குச் சற்று முன்புதான் மரச்சீனியும் மீனும் சாப்பிட்டிருந்தான். வயிறு நிறைய இருக்கும்போது மயக்கியது சரியா? மூளைக்கு ஏதும் ஆகுமா?”

அம்மா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கெட்டமைன் என்ற மயக்க மருந்தாகத்தான் இருக்கும். வெளியே வரும்போது கொடுத்த சீட்டில் பெயர் இருக்கும், பாருங்கள். இந்த மருந்து வலி மூளைக்குப் போய்ச் சேராமல் தடுத்துவிடும். கண் திறந்திருக்கும், கருவிழி லேசாக ஆடும், சில பிள்ளைகள் முனகவும் செய்வார்கள். ஆனால் கையை இழுப்பது அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கிற பெற்றோருக்குத்தான் பதறிப்போகும். அதை முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை நரம்பில் மெதுவாக ஏற்றுவார்கள். ஒரு நிமிடத்தில் பிடித்துவிடும். எலும்பை நேராக்கத் தேவையான 10 நிமிடம் போல நிற்கும். முழுத் தெளிவு வர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். ஒரே தடவை, இவ்வளவு குறைந்த நேரத்துக்குக் கொடுப்பதால் மூளை பாதிக்கும் என்று பயப்பட வேண்டாம்.

சாப்பாடு விஷயம். நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு 6 மணி நேரம் வெறும் வயிறு கேட்பார்கள். வளைந்த எலும்பு நரம்பையோ ரத்தக் குழாயையோ அழுத்தினால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. கெட்டமைனில் மூச்சும் விழுங்கும் அனிச்சையும் பெரும்பாலும் நிற்பதில்லை. அதனால்தான் துணிந்து கொடுக்கிறோம். ஆனாலும் வாந்தி வரலாம், அபூர்வமாகத் தொண்டை இறுகலாம். ஆகவே நான் மருந்தைவிட ஆளைத்தான் முதலில் பார்ப்பேன்: ஒருவர் கையை இழுக்கும்போது, இன்னொருவர் வேறு வேலையே இல்லாமல் பிள்ளையின் மூச்சையும் விரலில் மாட்டிய ஆக்சிஜன் அளவையும் மட்டுமே கவனிக்க வேண்டும். ஆக்சிஜன், அமுக்கி மூச்சுக் கொடுக்கும் முகமூடிப் பை, சளி உறிஞ்சும் குழாய் எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதை நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

இப்போது மாவுக்கட்டைப் பாருங்கள். விரல்கள் வெளிறினாலோ நீலமானாலோ மரத்துப்போனாலோ, விரலை நிமிர்த்தினால் அலறினாலோ, ராத்திரியானாலும் உடனே கொண்டுபோங்கள். எண்ணெய்க் கிழிக்காகக் கட்டைப் பிரிக்க வேண்டாம்.