மூன்று வயது மகன் பொம்மையை யாருக்கும் தர மறுக்கிறான். கொடுத்துப் பழக என்ன செய்வது?

வீட்டுக்கு வரும் பிள்ளைகள் பொம்மையைத் தொட்டாலே உங்கள் மகன் அழுது ஊரைக் கூட்டுகிறான், சுயநலமாக வளர்ந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். தனக்கென்று ஒரு பொருள் உண்டு என்பதே அவனுக்கு இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது. கொடுத்தது திரும்பி வரும் என்ற நம்பிக்கை வர இன்னும் கொஞ்ச காலம் ஆகும். சுவிட்சர்லாந்துப் பிள்ளைகளுக்கு இனிப்பைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வந்தது. 3, 4 வயதில் பெரும்பாலோர் தங்கள் பங்கைத்தான் பார்த்தார்கள். 7, 8 வயதில் பெரும்பாலோர் சமமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

என் மகளுக்கும் மூன்று வயதில் இதே கதைதான். நாத்தனார் மகன் அவளுடைய மூணு சக்கர சைக்கிளுக்கு அழுதான். "நீ பெரிய பிள்ளைல்ல, தம்பிக்குக் குடு" என்று அவளைத் தூக்கி இறக்கிவிட்டு அவனை உட்கார வைத்தேன். விருந்தாளி முன்னால் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற நினைப்பு. நாலு நாள் கழித்து அங்கன்வாடியில், தன்னைவிடச் சின்னப் பையன் கையில் இருந்த மரக்கட்டையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். எடுக்கும்போதே, அப்படியே என் குரலில், "நல்ல பிள்ளைல்ல, குடுத்துரு" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் கையிலிருந்து எதையும் பிடுங்கியதில்லை. யாராவது வருகிறார்கள் என்றால், "எதை உள்ள எடுத்து வைக்கணும்?" என்று முன்கூட்டியே கேட்பேன். காது கிழிந்த துணி யானையைக் கொண்டுவந்து தருவாள், அது பீரோவுக்குள் போய்விடும். மீதியெல்லாம் எல்லாருக்கும். சைக்கிளுக்கு, "ஓட்டி முடிச்சதும் தம்பியக் கூப்பிடு" என்று மட்டும் சொல்வேன். முதல் நாள் இருபது நிமிஷம் ஆனது. அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பது லேசில்லை. ஆனால் அவளே இறங்கி வந்து, "தம்பி, நீ ஏறு" என்றாள்.

தானாகக் கொடுப்பதற்கும் கொடுக்க வைப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. நாடியா செர்னியாக், தமர் குஷ்னிர் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சோகமாக இருக்கும் ஒரு பொம்மைக்கு ஸ்டிக்கரைத் தருவதா, தானே வைத்துக்கொள்வதா என்று சில பிள்ளைகளையே முடிவெடுக்க விட்டார்கள். வேறு சிலரிடம் கொடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். பிறகு இன்னொரு பொம்மை வந்தபோது, தாங்களே முடிவெடுத்த பிள்ளைகள்தான் அதிகம் கொடுத்தார்கள்.

இதை எந்த ஆய்வும் படிக்காமலே என் மாமியார் செய்தார். தின்பண்டத் தட்டை என் மகள் கையில் கொடுத்து, "நீதான் எல்லாருக்கும் பங்கு வைக்கணும்" என்பார். ஒருநாள் பெரிய அதிரசத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன். "குடுக்கிற கைய ஏசாத, பேசாம இரு" என்று அத்தை என்னை அடக்கிவிட்டார்.

ஒப்பிட்டு மட்டும் பேசாதீர்கள். "அவனைப் பாரு, எப்படிக் குடுக்கிறான்" என்ற பேச்சு அந்தப் பிள்ளை மேல் வெறுப்பைத்தான் வளர்க்கும்.

இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒன்றைச் செய்தால் சண்டை பாதி குறைகிறது. ஒரு கோடையில் என் தம்பி, நுங்கு தின்ற வெறும் காய்கள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து வண்டி செய்யச் சொல்லிக்கொடுத்தான். என் மகள் ஒரு காயைப் பிடித்துக்கொள்ள, பக்கத்து வீட்டுப் பையன் குச்சியைச் செருகினான். தள்ளுவதற்குக் கவட்டைக் கம்பு ஒன்றுதான். வேப்பமரம் வரை போய்த் திரும்பினால் ஒரு முறை என்று அவர்களே கணக்கு வைத்துக்கொண்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் ஒரு கயிற்றின் இரு முனையையும் சேர்ந்து இழுத்துப் பரிசு எடுத்தபோது, அதிகம் கிடைத்த பிள்ளை பெரும்பாலும் தானே சமமாகப் பங்கு வைத்தது என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. உழைக்காமல் கிடைத்த பரிசில் அந்த அளவுக்கு நடக்கவில்லை.

நுங்கு கிடைக்காத ஊரென்றால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி போதும். உங்கள் மகனும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து அதைப் பஸ் ஆக்கட்டும். யார் டிரைவர், யார் கண்டக்டர் என்பதை அவர்களே பேசி முடிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.