ஜாங்கோவில் பேஸ் வருகிறது, வாடகைப் பட்டியல் வரவில்லை

வணக்கம். ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் கட்டமைப்பு) செய்த ஏற்காடு விடுதித் தளத்தில், எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான பேஸ் டெம்ப்ளேட்டிலிருந்து மெனுவும் ஃபுட்டரும் வருகின்றன, அறை வாடகைப் பட்டியலை மட்டும் காணோம், எரரும் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட நிரலில் பட்டியல் எண்ட்பிளாக் வரிக்குக் கீழே கிடக்கிறது. பிளாக் என்பது ஒவ்வொரு பக்கமும் தன் உள்ளடக்கத்தை நிரப்ப பேஸில் விட்ட இடம்; எண்ட்பிளாக் அதை மூடும் வரி. எக்ஸ்டெண்ட்ஸ் போட்டு பேஸின் மேல் கட்டிய பக்கத்தில் பிளாக்குக்கு வெளியே எழுதுவதை ஜாங்கோ காட்டவே காட்டாது, எரரும் தராது. எல்லாரையும் குழப்பும் இடம் இது. பட்டியலை கன்டென்ட் பிளாக்குக்குள் நகர்த்துங்கள். பிளாக்கின் பெயர் பேஸில் இருப்பதோடு எழுத்து பிசகாமல் ஒத்திருக்க வேண்டும்.

அப்புறம், ஏரிப் படத்துக்காக ஸ்டைல் பிளாக்கை மறுபடி எழுதியிருக்கிறீர்கள். அதனால் பேஸில் அந்த பிளாக்குக்குள் இருந்த சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) போய்விடும். உங்கள் ஸ்டைல் பிளாக்குக்குள் முதல் வரியில் இரட்டை நெளிவு அடைப்புக்குள் பிளாக்.சூப்பர் (பேஸில் அந்த பிளாக்கில் இருப்பதைக் கொண்டுவருவது) சேருங்கள், இரண்டும் நிற்கும். படம், சிஎஸ்எஸ் கோப்புகளின் முகவரியைத் தரும் ஸ்டாட்டிக் டேகுக்கான லோட் ஸ்டாட்டிக்கை பேஸில் மட்டும் போட்டால் போதாது, இந்தப் பக்கத்திலும் எக்ஸ்டெண்ட்ஸுக்கு அடுத்து போடுங்கள். சரியானதும் லேடீஸ் சீட் (ஏற்காட்டின் காட்சி முனை) பற்றிய பக்கத்தையும் இப்படியே மாற்றிவிடுங்கள்.