வாசகர் கேள்விகள்: வாசன் கதாசிரியரா, முதலாளியா?

கேள்வி: எஸ்.எஸ்.வாசன் என்றாலே பிரம்மாண்டம், பணம், பத்திரிகை முதலாளி என்றுதான் எழுதுகிறீர்கள். அவர் சினிமாவுக்குக் கதையும் எழுதினார் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஸ்டூடியோ கைக்கு வருவதற்கு முன்பே அவர் சினிமாக் கதாசிரியர். 1936-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' வாசன் எழுதிய கதைதான். குடியில் விழுந்த ஒருவன், நண்பனைக் கொன்றுவிட்டதாக நினைத்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடிப்போக, இங்கே குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். 'பதிபக்தி' நாடகத்தோடு ஒத்துப்போகிறது என்று வழக்கு வந்தபோது, இரண்டுக்குமே மூலம் ஓர் ஆங்கில நாவல்தான் என்று வாசனே சாட்சி சொன்னார். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கோ அவர்மேல் மரியாதை கூடத்தான் செய்தது.

அவருக்குக் கதை சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் வாரப் பத்திரிகை. 1928-ல் பூதூர் வைத்தியநாத ஐயரிடமிருந்து 'ஆனந்த விகடன்' பெயரை எழுத்துக்கு 25 ரூபாய் வீதம், எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து வாங்கினார் என்பார்கள். வாசகர் அடுத்த வாரமும் காசு கொடுத்து வாங்க வேண்டும், அதற்கு எந்த இடத்தில் 'தொடரும்' போட வேண்டும் என்பதை வருஷக்கணக்கில் பார்த்துப் பழகியவர், அப்புறம் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களையும் அதே கண்ணால்தான் பார்த்தார். கல்கியின் 'தியாகபூமி' படமாகிக்கொண்டிருக்கும்போதே படத்தின் ஸ்டில்களோடு விகடனில் தொடராக வந்ததை நினைத்துப் பாருங்கள். படத்தை எடுத்த கே.சுப்ரமணியத்தின் ஸ்டூடியோ தீப்பிடித்து, பிறகு ஏலத்துக்கு வந்தபோது வாசன் அதை எடுத்தார். 86,427 ரூபாய், 11 அணா, 9 பை. அதுதான் ஜெமினி. ஸ்டூடியோ போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, சென்னையில் அண்ணா மேம்பாலத்தை இன்னும் ஜெமினி பாலம் என்றுதான் சொல்கிறோம்.

கேள்வி: வாசனின் 'சந்திரலேகா' படத்தில் முரசு நடனத்தைத் தவிர என்ன இருக்கிறது? கதை யாருடையது?

பதில்: முதலில் பெயர்தான் வந்தது. கதை தயாராகும் முன்பே விளம்பரம் கொடுத்துவிட்டார் வாசன். கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே.மகாதேவன், சங்கு சுப்ரமணியம், வேப்பத்தூர் கிட்டு என்று மாதச் சம்பளக்காரர்கள் கூடிப் பேசிப் பேசி உருட்டியது அந்தக் கதை. டைட்டிலிலும் 'ஜெமினி கதை இலாகா' என்றே போட்டார்கள். பாதியில் டைரக்டர் விலகியதும் வாசனே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். படம் வந்தது 1948 ஏப்ரலில்.

சரி, அந்த நடனத்துக்கு வருவோம். வில்லன் ரஞ்சன் கட்டாயக் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. நாயகி டி.ஆர்.ராஜகுமாரி சம்மதிப்பதுபோல் நடித்து, முதலில் முரசு நடனம் வேண்டும் என்கிறாள். ஆள் உயரத்துக்கும் மேலான முரசுகள் வரிசையாக நிற்க, மேலே பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசு திறந்து உள்ளேயிருந்து நாயகன் எம்.கே.ராதாவின் வீரர்கள் வாளோடு குதிக்கிறார்கள். ஆக, படத்தில் தண்ணீராகப் பணம் செலவழித்த காட்சியே கதையின் முடிச்சை அவிழ்க்கும் காட்சியும். அந்த நடனத்தை வெட்டிவிட்டால் ராஜகுமாரிக்குத் தப்பிக்க வழியே கிடையாது. பிரம்மாண்டம் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்கு ஆற்றாமை. அவரைப் பார்த்து அரண்மனை செட் போட்ட எத்தனையோ பேருக்கு, அந்த செட்டுக்குள் கதையில் ஒரு வேலை கொடுக்கத் தெரியவில்லை.

எல்லாம் ஓடியது என்று சொல்ல மாட்டேன். ஆர்.கே.நாராயண் கதையில் சுப்பு இயக்கிய 'மிஸ் மாலினி' (1947) நல்ல பெயர் எடுத்தும் வசூலில் விழுந்தது.

கேள்வி: எம்.ஜி.ஆருக்கும் வாசனுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: எம்.ஜி.ஆரின் முதல் படம் 'சதி லீலாவதி', சின்ன போலீஸ் வேடம். நூறாவது படம் ஜெமினியின் 'ஒளிவிளக்கு', 1968. முதல் படம் குடியின் கேட்டைச் சொன்னது. நூறாவதில், குடித்துவிட்டு நிற்கும் எம்.ஜி.ஆரை அவருடைய பிம்பங்களே சூழ்ந்து நின்று கேள்வி கேட்கும் பாட்டு இருக்கிறது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் வாசன் காலமானார்.