100 பவுண்டு அபராதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். 1215இல் கோமான்கள் தங்கள் சொத்தைக் காத்துக்கொள்ள இங்கிலாந்தின் ஜான் மன்னனோடு நடத்திய பேரமே மாக்னா கார்ட்டா என்ற சாசனம். பண்ணையடிமைகளுக்கு அதில் இடமில்லை. அதை மனித உரிமைகளின் தாய் என்று எங்களை மனப்பாடம் செய்யவைப்பது ஏன்? இதைப் புரிந்துகொள்ள எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

சில வாரங்களாக நான் எண்ணிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது, தகவல்களும் சரியே. சட்டப்படியன்றி யாரையும் சிறைவைக்கக் கூடாது என்ற அதன் 39ஆவது பிரிவு காத்தது 'சுதந்திர மனிதரை' மட்டும்; அன்றைய இங்கிலாந்தின் உழவர்களில் பெரும்பகுதியினர் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றார்கள். பத்தே வாரங்களில் போப் மூன்றாம் இன்னசென்ட் அந்தச் சாசனத்தையே செல்லாதென்று அறிவித்தார். ஆனால் 1215ஓடு புத்தகத்தை மூடிவைப்பது சோம்பல், அம்மா. 1354இல் மூன்றாம் எட்வர்டின் காலத்துச் சட்டம் அதே காப்பை 'எந்த நிலையினராயினும்' என்று விரித்து எழுதியதை நீங்கள் ஏன் பார்க்கவில்லை? 'தாய்' என்ற பட்டத்தை மேடைப்பேச்சாளர்களுக்கு விட்டுவிடுவோம்.

என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது வேறு. முதலாம் சார்லஸ் கேட்ட கட்டாயக் கடனைக் கொடுக்க மறுத்த ஐந்து பேர் 1627இல் சிறையில் இருந்தார்கள். அப்போது மாக்னா கார்ட்டா இருந்தது, கைதியை நீதிமன்றத்தில் நேரில் நிறுத்திக் காரணம் சொல்லச் சொல்லும் ஆட்கொணர்வு ஆணையும் இருந்தது. சிறைவைத்த காரணத்தைக் கேட்ட நீதிமன்றத்துக்கு 'மன்னரின் தனி ஆணை' என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. நீதிபதிகள் அவர்களைத் திரும்பச் சிறைக்கே அனுப்பினார்கள். 400 ஆண்டு வயதான ஒரு மகத்தான வாசகத்தால் அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை.

1679ஆம் ஆண்டின் ஆட்கொணர்வுச் சட்டம் வாசிக்க வறண்டது. சிறை 20 மைலுக்குள் இருந்தால் கைதியை 3 நாளில் கொண்டுவர வேண்டும், 100 மைல் வரை 10 நாள், அதற்கு அப்பால் 20 நாள். தவறும் அதிகாரிக்கு முதல்முறை 100 பவுண்டும் மறுமுறை 200 பவுண்டும் அபராதம். ஆணை பிறப்பிக்க மறுக்கும் நீதிபதிக்கே 500 பவுண்டு. சுதந்திரம் பற்றிய அழகிய வாக்கியங்களைக் காட்டிலும் இந்த மைல் கணக்கையும் அபராதத் தொகையையும் நான் மதிக்கிறேன். யார், யாரிடம், எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதாத உரிமையை, கைதியின் தாய் எந்த வாசலில் போய்க் கேட்பாள்?

அச்சட்டம் குற்ற வழக்குக் கைதுகளுக்கானது. ஆனால் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த பொதுச்சட்டத்தின் பழைய ஆட்கொணர்வு ஆணை அதற்கு வெளியேயும் உயிரோடிருந்தது. ஜமைக்காவுக்குப் புறப்படவிருந்த கப்பலில் ஜேம்ஸ் சாமர்செட் என்ற ஆப்பிரிக்க அடிமையை விலங்கிட்டு வைத்திருந்தபோது, அவருடைய ஞானப் பெற்றோர் அந்த ஆணையைத்தான் பெற்றார்கள். கப்பல் தலைவன் அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டியிருந்தது. 1772 ஜூனில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு அவரை விடுவித்தார். குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிய அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்பதையும் மறக்க வேண்டாம். எனினும் மாக்னா கார்ட்டா பிறந்த ரன்னிமீடில் கூடிய கோமான்கள் கனவிலும் நினைத்திராத ஒருவர் அன்று விலங்கின்றி வெளியே நடந்தார்.

என் பெரியப்பா மகனை ஒரு காவல் நிலையத்தில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். 24 மணி நேரத்தில் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. ஆனால் கேட்டபோதெல்லாம் 'இங்கே இல்லை' என்றார்கள். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலான அன்று மாலையே அவன் வீட்டு வாசலில் நின்றான். பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. அந்த மனுவின் நகலை மஞ்சள் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். 1679ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலத்தை ஒரு வரியும் விடாமல் வாசியுங்கள். மைல் கணக்கு வரும் இடத்தில் பென்சிலால் கோடிட்டுவிட்டு, பிறகு எனக்கு எழுதுங்கள்.