வேலைக்குத் திரும்பும் தாய் எப்போது பாலை நிறுத்துவது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு 10 மாதம். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்புகிறேன். களைக்கொல்லி மருந்தடிக்கும் கேங்கில் ஆள் போதவில்லை, அதில் சேர்ந்துகொள் என்கிறார் மண்டோர் (மேற்பார்வையாளர்). ஒரு வயதோடு தாய்ப்பாலை நிறுத்து, அதற்கு மேல் வெறும் தண்ணீர்தான் என்கிறார் மாமியார். அம்மாவோ எனக்கு மூன்று வயது வரை கொடுத்ததாகச் சொல்கிறார். பையன் ஒல்லியாக வேறு இருக்கிறான். எப்போது நிறுத்தலாம்?

பதில்: சகோதரி, மண்டோர் சொன்னதை முதலில் பேசிவிடுவோம். அவசரம் அதில்தான் இருக்கிறது.

பால் கொடுக்கும் தாய் மருந்தடிக்கும் வேலைக்குப் போகக் கூடாது. மருந்து கலப்பதும், தோம்பு கழுவுவதும், மருந்து பட்ட உடுப்பைத் துவைப்பதும் அந்த வேலையில்தான் சேரும். 'இப்போதுதான் பாராகுவாட் இல்லையே' என்று யாராவது சொல்லலாம். அந்தக் கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டது உண்மை. அதற்காக மற்ற களைக்கொல்லிகள் கைக்குழந்தைக்குப் பாதுகாப்பானவை என்று ஆகிவிடாது.

உங்கள் தோட்டத்துக்கு ஆர்எஸ்பிஓ (செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்குச் சான்று தரும் உலக அமைப்பு) சான்றிதழ் இருக்கிறதா என்று ஆபீஸில் கேளுங்கள். இருந்தால் உங்கள் கை பலமாகிவிடும். கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கும் பெண்களையும் பூச்சிக்கொல்லி வேலையில் வைக்கக் கூடாது, அதற்குச் சமமான வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று அந்த விதிமுறை தெளிவாகவே சொல்கிறது. மண்டோரிடம் வாய்வார்த்தையாகச் சொல்வதோடு விடாமல், ஆபீஸில் கிராணியிடம் (எழுத்தரிடம்) எழுதிக் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். உதிரிப்பழம் பொறுக்கும் வேலையோ நர்சரி வேலையோ கேட்கலாம். அப்போதும் புதிதாக மருந்தடித்த நிரைகளுக்குள் போக வேண்டாம். வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து 'நான் பாலை நிறுத்திவிட்டேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாற வேண்டியது வேலைதான், பால் அல்ல.

சரி, எத்தனை மாதம்? முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு உணவோடு சேர்த்து 2 வயது வரை அல்லது அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 1993-இல் வந்து 2005-இல் திருத்தப்பட்ட மலேசியாவின் தேசியத் தாய்ப்பால் கொள்கையும் 6 மாதம், 2 வயது என்றே சொல்கிறது. இரண்டு வயது ஆனதும் நிறுத்தியே தீர வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. ஆகவே உங்கள் அம்மா செய்ததில் தவறே இல்லை.

மாமியாரின் கவலை பேரன்மேல் உள்ள பாசத்தில் வருவது, அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு வயதில் பால் தண்ணீராகிவிடுவதில்லை. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை குழந்தைக்குத் தேவையான சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வரை தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கலாம். நோய் எதிர்ப்புப் பொருள்களும் அதில் தொடர்ந்து இருக்கும். உங்களுக்கும் பலன் உண்டு. கொடுக்கும் காலம் கூடக்கூட, தாய்க்கு மார்பகப் புற்றுநோயும் இரண்டாம் வகை நீரிழிவும் வரும் ஆபத்து குறைகிறது. இனிப்பு நீர் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் சமூகத்தில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

நான் சொல்வேன்: நிறுத்தும் தேதியை இப்போது முடிவு செய்யாதீர்கள். எந்த வேளைப் பாலை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும் முன் ஒருமுறை, வேலை முடிந்து வந்து குளித்து உடுப்பு மாற்றிய பிறகு ஒருமுறை, அப்புறம் இரவில் அவன் கேட்கும்போது. இதை மாதக் கணக்கில் தொடர முடியும்.

நீங்கள் இல்லாத நேரத்துக்குப் பாலைக் கறந்து வைக்கலாம். நம் ஊர் வெயிலில் வெளியே வைக்காமல் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், உட்புறமாக வைத்தால் 4 நாள் வரை இருக்கும். வேலை இடத்தில் கறந்தால், ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரம் வரை தாங்கும். கறக்க முடியாவிட்டால், ஒரு வயது வரை அந்த வேளைக்கு மட்டும் குழந்தைப் பால் மாவு கொடுக்கலாம், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். கப்பிலேயே குடிக்கப் பழக்குங்கள். ஒரு வயதுக்குப் பிறகு சாதாரண முழுக்கொழுப்புப் பால் போதும், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு என்று விற்கும் விலை கூடிய ஸ்டெப் 3 பால் மாவு டின் அவசியமில்லை. டீக்குப் போடும் சூசு பெக்காட்டை (இனிப்பு டின் பாலை) கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

ஒல்லி என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. கிளினிக் புத்தகத்தில் உள்ள எடைக்கோட்டைத் தாதியிடம் காட்டிக் கேளுங்கள். தன் கோட்டை ஒட்டியே ஏறிவந்தால் அவன் உடல்வாகு அது, அவ்வளவுதான். கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ பெரும்பாலும் பார்க்க வேண்டியது சாப்பாட்டை. 6 மாதத்துக்கு மேல் தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து மட்டும் போதாது. 10 மாதத்தில் நாளுக்கு 3 அல்லது 4 வேளை, வேளைக்கு அரை கப் சாப்பாடு வேண்டும். கஞ்சித் தண்ணீர் வயிற்றைத்தான் நிரப்பும். கரண்டியில் நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் குழைத்த சோற்றில் பருப்பு, முட்டை, முள் எடுத்த மீன், முருங்கைக்கீரை, இடையிடையே கொஞ்சம் கோழி ஈரல் என்று சேருங்கள். தேன் மட்டும் ஒரு வயது வரை வேண்டாம்.

நிறுத்தியே ஆக வேண்டும் என்று நீங்களே நினைக்கும் நாள் வந்தால், மார்பில் வேப்பெண்ணெய் தடவுவதோ, பிள்ளையை ஒரு வாரம் பாட்டி வீட்டுக்கு அனுப்புவதோ வேண்டாம். பிள்ளை மிரண்டுபோவான், உங்களுக்கும் பால் கட்டிக்கொள்ளும். சில நாள்களுக்கு ஒருமுறை ஒரு வேளைப் பாலாகக் குறைத்து வாருங்கள், பகல் பாலை முதலிலும் இரவுப் பாலைக் கடைசியிலும். மார்பு கனத்தால் வலி அடங்கும் அளவுக்கு மட்டும் கறந்து விடுங்கள். ஓரிடம் சிவந்து, கட்டியாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே கிளினிக்குக் கிளம்புங்கள். அந்த நிலையிலும் அந்தப் பக்கப் பாலைக் குழந்தை குடிக்கலாம்.